ஏழு இழைக் காப்பு

குமிழங்காட்டு ஓடைக்கரையில் ஒரு கீரியும் ஒரு முள்ளெலியும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தன. கீரியின் பெயர் இருளப்பன். முள்ளெலியின் பெயர் சடையன்.

ஆளுக்கு ஒரு வீடு, ஆளுக்கு ஒரு தள்ளுவண்டி. வீடு என்றால் மண்சுவர், மூங்கில் கால், மேலே பனையோலைக் கூரை. இரண்டு வீட்டையும் ஒரே கோடையில் கட்டினார்கள். இரண்டு வண்டியையும் மரங்கொத்தி ஆசாரி ஒரே மரத்தை அறுத்துத்தான் செய்துகொடுத்தார்.

மூன்று வருஷம் ஓடிப்போயிற்று. சடையனின் வண்டி நேற்றுச் செய்தது போல இருந்தது. இருளப்பனின் வண்டி வீட்டிலிருந்து கிளம்பினால் சந்தைவரைக்கும் அதன் கிறீச் சத்தம் கேட்டது. சடையன் வீட்டுக் கூரையில் ஓர் ஓலை விலகவில்லை. இருளப்பன் வீட்டிலோ, வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே சொட்டிக்கொண்டிருக்கும்.

இருளப்பனுக்கு வயிறு எரிந்தது. சும்மா எரியவில்லை, பற்றி எரிந்தது. காலையில் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்காருவான். பார்வை மட்டும் அடுத்த வீட்டிலேயே இருக்கும். கஞ்சி ஆறிப்போகும், ஏடு கட்டிவிடும். அவனுக்கு அது தெரியாது.

"ஏங்க, அவங்க வீட்டைப் பாத்தது போதும். நம்ம கூரையையும் கொஞ்சம் ஏறிப் பாருங்க!" என்றாள் அவன் மனைவி வெள்ளச்சி. அவள் மாசமாக இருந்தாள். "ஐப்பசி பிறந்தா மழை பிடிச்சுக்கும். அதே நேரத்துல குட்டிங்களும் வந்துடும். நனையாத மூலை ஒண்ணாவது வேணாமா?"

"கூரைக்கு என்ன? விழுந்துடுச்சா? நிக்குதுல்ல!" என்றான் இருளப்பன். "ஒரே மரம், ஒரே ஓலை. அவனுக்கு மட்டும் எப்படிடீ இப்படி? ஏதோ வச்சிருக்கான். வெளியில சொல்ல மாட்டேங்கிறான்!"

சடையன் வைத்திருந்ததெல்லாம் ஒரு எண்ணெய்க் கிண்ணம்தான். தினமும் காலையில் வண்டி அச்சுக்கு எண்ணெய் விடுவான். சக்கரம் கழன்றுவிடாமல் பிடித்திருக்கும் கடையாணியைத் தட்டிப் பார்ப்பான். ஆனி மாதத்திலேயே கூரையில் ஏறி, இற்றுப்போன ஓலையை உருவிவிட்டுப் புதிதாகச் செருகுவான். இதெல்லாம் இருளப்பன் கண் முன்னால்தான் நடந்தது. பொறாமைக்காரனுக்கு அடுத்தவனின் பொருள் தெரியும், பாடு தெரியாது.

ஆவணியில் ஒரு நாள் காலை, சடையன் வண்டியின் கைப்பிடியில் ஒரு மஞ்சள் கயிறு இருளப்பன் கண்ணில் பட்டது. உற்றுப் பார்த்தால் வீட்டு வாசற்காலிலும் ஒன்று! அவ்வளவுதான். கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடினான்.

"என்ன தம்பி, வண்டியில மஞ்சக் கயிறு? ஏதாவது விசேஷமா?"

"காப்புண்ணே!" என்றான் சடையன், அச்சைத் துடைத்துக்கொண்டே. "வீட்டுக்கும் வண்டிக்கும் காப்பு எடுத்திருக்கேன். ஆமையார் வந்து கட்டிவிட்டாரு!"

எல்லா வினையும் இந்த ஒரு சொல்லில்தான் தொடங்கியது. கோயில் திருவிழாவுக்கு மணிக்கட்டில் கட்டுவதும் காப்பு. பிள்ளை கைக்குப் போடும் வளையமும் காப்பு. குமிழங்காட்டில் ஆமையார் நடத்திய கூட்டத்துக்கும் காப்பு என்றுதான் பெயர்.

அது என்ன கூட்டம்? சேர்ந்தவர்கள் ஒவ்வொருவரும் அமாவாசைக்கு அமாவாசை ஒரு கட்டு ஓலையும் ஒரு மூங்கிலும் ஆமையாரின் கிடங்கில் போடவேண்டும். யாருக்காவது எதிர்பாராமல் வீடு விழுந்தால், வண்டி உடைந்தால், அந்த வண்டி போய் இன்னொருவர் பொருளை உடைத்தால், கிடங்கில் இருப்பதை எடுத்து எல்லோரும் கூடிச் சரிசெய்து கொடுப்பார்கள். சேர்ப்பதற்கு முன்னால் ஆமையார் வந்து எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பார். இந்த ஓட்டையை அடை, அந்த ஆணியை மாற்று என்பார். செய்தால்தான் சேர்ப்பார். அவருக்குக் கண் மங்கல். யார் யார் சேர்ந்தவர் என்று பார்த்தவுடன் தெரிய ஒரு மஞ்சள் கயிறு கட்டிவிடுவார். கயிற்றுக்கு அதற்கு மேல் வேலை கிடையாது.

"நீங்களும் வாங்கண்ணே, சேர்த்துவிடறேன்!" என்றான் சடையன். "முதல்ல ஆமையார் வந்து பாப்பாரு. அப்புறம் நீங்க..."

"போதும் போதும்! எனக்கா தெரியாது காப்பு?" என்று கையை உதறினான் இருளப்பன். சடையன் வாயிலிருந்து ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்வதா! அதைவிட அவனுக்குக் கசப்பு வேறில்லை. மிச்சத்தைக் கேட்காமலே திரும்பி நடந்தான்.

"வெள்ளச்சி! ரகசியம் தெரிஞ்சு போச்சு! காப்புக் கயிறு கட்டியிருக்கான், திருட்டுப் பய! அதான் அவன் வீட்டுக்கு ஒண்ணும் ஆக மாட்டேங்குது!"

அன்றைக்கே நூல் திரித்தான். மஞ்சளை அரைத்துக் குழைத்து நூலை முக்கினான். "அவன் ஒத்தை இழை. நாம ஏழு இழை!" என்று சொல்லிச் சொல்லி முறுக்கினான். வண்டியின் கைப்பிடியில் ஒன்று, வாசற்காலில் ஒன்று. அதோடு நின்றானா? எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து வண்டியின் நெற்றியில் தொங்கவிட்டான். கூரை முகப்பில் ஒரு திருஷ்டிப் பூசணிக்காயையும் கட்டினான். எல்லாம் முடிந்ததும் நான்கு அடி பின்னால் போய் நின்று, சடையன் வீட்டையும் தன் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தான். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்குக் கஞ்சி சூடாக இறங்கியது.

"வண்டிக்குக் கடையாணி தேஞ்சு கிடக்கே. அதை மாத்தலையா?" என்று கேட்டாள் வெள்ளச்சி.

"ஏழு இழை காப்பு இருக்கறப்ப ஆணி எதுக்குடீ!"

சந்தை நாள் வந்தது. இருளப்பன் வண்டி நிறைய கிழங்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினான். வேண்டுமென்றே சடையன் வீட்டு வாசல் வழியாகச் சுற்றிப் போனான். எலுமிச்சம்பழம் ஆடியது. மஞ்சள் கயிறு மினுக்கியது. வண்டி மட்டும் வழக்கம் போலக் கிறீச்சிட்டது.

சந்தைக்கு முன்னால் ஓர் இறக்கம் உண்டு. பாதி இறக்கத்தில் கடையாணி முறிந்தது. இடப்பக்கச் சக்கரம் தனியே கழன்று, தன் பாட்டுக்கு உருண்டு போயிற்று. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து சறுக்கிக்கொண்டே போய், முத்தக்கா என்னும் அணிலின் நாவல்பழக் கடையில் மோதியது. பந்தல் சரிந்தது. பழமெல்லாம் நசுங்கியது. இருளப்பன் எழுந்து நின்றபோது தலை முதல் வால்வரை நாவல் நிறமாக இருந்தான்.

"அடப் பாவி! வண்டிய இழுத்துட்டு வர்றியா, வண்டி உன்னை இழுத்துட்டு வருதா?" என்று கத்தினாள் முத்தக்கா. "என் கடைய எவன் கட்டுவான்?"

"நான் என்ன பண்ணுவேன்க்கா? ஆணி போச்சு!"

"ஆணி உன்னுது! அது போகற வரைக்கும் யாரு பாத்துக்கிட்டு இருந்தது? கடைய நிறுத்திக் குடுக்காம ஒரு அடி நகர விடமாட்டேன்!"

சந்தையே கூடிவிட்டது. வேறு வழியில்லை. இருளப்பன் தன் வண்டியை அப்படியே போட்டுவிட்டு, தன் செலவில் மூங்கில் வெட்டி, தன் கையால் பந்தல் போட்டு, நாவல் மரம் ஏறிப் பழம் பறித்துக் கொடுக்கவேண்டியதாயிற்று. அடுத்த சந்தைவரை அவனுக்கு அதே வேலை. அப்போதாவது கடையாணியை நினைத்தானா? இல்லை. "சடையன் கண்ணுதான் பட்டிருக்கு! வாசல் வழியா வந்தப்ப என்னமா பாத்தான்!" என்று முணுமுணுத்துக்கொண்டே பந்தல் கட்டினான்.

வெள்ளச்சி வீட்டில் தனியாக உட்கார்ந்து யோசித்தாள். ஏழு இழையும் எலுமிச்சம்பழமும் ஓர் ஆணியைப் பிடித்துவைக்கவில்லை. கூரையை மட்டும் எப்படிப் பிடித்துவைக்கும்? வயிற்றைத் தடவிப் பார்த்தாள். எழுந்து நேராகச் சடையனிடம் போனாள். அவன் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு ஒரு கட்டு ஓலையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆமையாரின் கிடங்குக்கு நடந்தாள்.

ஆமையார் வீட்டைப் பார்க்க வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. அவர் எங்கே போனாலும் அப்படித்தான்.

"அவசரப்படுத்தாதே தாயி. நான் என் வீட்டையும் தூக்கிக்கிட்டுல்ல வரணும்!" என்று சிரித்தார். "எனக்கு வீடும் வண்டியும் ஒண்ணு. நின்னா வீடு, நடந்தா வண்டி. அதனால ரெண்டோட அருமையும் எனக்குத் தெரியும். சரி, உன் வீட்டுல என்ன குறை? மறைக்காம சொல்லு."

வெள்ளச்சி மறைக்கவில்லை. ஒழுகும் இடத்தையெல்லாம் காட்டினாள். பின்பக்கக் காலில் கறையான் ஏறியிருப்பதைக் காட்டினாள். ஆமையார் ஒவ்வொன்றையும் காலால் தட்டிக் கேட்டார்.

"இந்தக் கால மாத்து. இற்ற ஓலைய எடுத்துட்டுப் புதுசு போடு. வீட்டுக்குப் பின்னாடி வாய்க்கால் தூர்ந்து கிடக்கு, அதை வாரிவிடு. தண்ணி போக வழியில்லேன்னா அது உன் வீட்டுக்குள்ளதான் வரும். இதெல்லாம் நீ செய்யற வேலை. அதுக்கு மேல எதிர்பாராம வர்றது எங்க வேலை. தானா விழுந்தா நாங்க வருவோம். கையால தள்ளினா வரமாட்டோம். புரியுதா?"

"புரியுது தாத்தா. செஞ்சிடறேன். கயிற்றை மட்டும் உள்பக்கமா, மறைவாக் கட்டுங்க. அவரு பாத்தா வீட்டுல சண்டை."

"வண்டிக்கு?"

"அது அவரோடது. அதைப் பத்திப் பேச்சே எடுக்க முடியாது!"

சடையன் கைகொடுக்க, கால் மாறியது, ஓலை மாறியது, வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. ஆமையார் கயிற்றைக் கட்டிவிட்டுப் போனார். இருளப்பன் பந்தல் வேலை முடிந்து, ஆணிக்குப் பதில் கயிற்றால் கட்டிய வண்டியை இழுத்துக்கொண்டு வீடு திரும்பிய அன்று ஒரு மழை பெய்தது. அண்ணாந்து பார்த்தான். ஒரு சொட்டு விழவில்லை.

"பாத்தியா!" என்று குதித்தான். "ஏழு இழை என்ன வேலை பண்ணுது பாத்தியா!"

வெள்ளச்சி வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். ஆனால் சடையன் பெயரைச் சொன்னாலே சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிறவனிடம் எதைச் சொல்வது?

புரட்டாசி முடியும் தறுவாயில், ஒரு நண்பகல் வேளையில் சுழற்காற்று வந்தது. ஓடைக்கரை மருதமரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து, சடையன் வீட்டின் மேல் விழுந்தது. கூரை உள்வாங்கியது. நல்ல வேளையாகச் சடையன் வெளியே இருந்தான்.

இருளப்பன் சந்தோஷப்பட்டான். இதை மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? ஓடிவந்து "ஐயோ தம்பி!" என்றான். உள்ளுக்குள்ளே மனம் கைகொட்டியது. மூன்று வருஷமாக ஒரு கூரையைப் பார்த்துப் பார்த்துப் புழுங்கியவன், அது தரையில் கிடப்பதைப் பார்த்தால் வேறு என்ன செய்வான்!

ஆனால் அந்தச் சந்தோஷம் இரண்டு நாளைக்கு மேல் நிலைக்கவில்லை. மூன்றாம் நாள் ஆமையார் வந்தார். கிளையைத் தடவினார், மரத்தில் முறிந்த இடத்தைப் பார்த்தார், "சரி" என்றார். அவ்வளவுதான். முயல்கள் ஓலை சுமந்து வந்தன. பெருச்சாளிகள் குழி தோண்டின. முத்தக்கா மேலே ஏறி முடிச்சுப் போட்டாள். காடே திரண்டு வந்து, பழைய வீட்டைவிட ஒரு முழம் உயரமாக, புத்தம்புது ஓலை வேய்ந்து, வீட்டை நிறுத்திவிட்டுப் போயிற்று.

இருளப்பன் தன் வாசலில் நின்று பார்த்தான். விழுந்ததுகூடச் சடையனுக்கு லாபமாகிவிட்டதே! புது ஓலையின் வாசனை காற்றில் வந்தது. அவன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"ஓஹோ, இதுதானா சங்கதி!" என்று தனக்குத்தானே பேசினான். "காப்பு கட்டினவன் வீடு விழுந்தா, புது வீடு! ஒத்தை இழைக்கே ஒரு முழம் உசரம். அப்ப ஏழு இழைக்கு? சடையா, இரு! உன் வீட்டைவிட உசரமா என் வீட்டைக் கட்ட வைக்கிறேனா இல்லையா பார்!"

மறுநாள் வெள்ளச்சி குட்டிகளுக்குப் படுக்கை போட மெத்தென்ற புல் தேடி ஓடைக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் இருளப்பன் வேலையைத் தொடங்கினான். முன்பக்கக் காலைப் பல்லால் கொறித்தான். முகட்டு மூங்கிலில் தொங்கி ஆட்டினான். கூரை மடமடவென்று இறங்கியது. இறங்கும்போது திருஷ்டிப் பூசணிக்காய் அவன் தலையிலேயே விழுந்து உடைந்தது. விதையை வழித்துப் போட்டுவிட்டு, எங்கிருந்தோ ஒரு காய்ந்த கிளையை இழுத்துவந்து மேலே சார்த்தினான். பிறகு அந்த வழியாகப் பறந்த காக்கையைப் பார்த்துக் கத்தினான்.

"ஐயோ, வீடு போச்சே! காத்துல கிளை விழுந்துடுச்சே! ஆமையாரை வரச் சொல்லேன்!"

வெள்ளச்சி கை நிறையப் புல்லோடு வந்தாள். வீடு இருந்த இடத்தைப் பார்த்தாள். புல் கையிலிருந்து நழுவியது.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றுதான் முதலில் கேட்டாள்.

இருளப்பன் குரலைத் தணித்துக் கண்ணைச் சிமிட்டினான். "நான்தான் தள்ளினேன்! ஆமையார் வரட்டும். சடையன் வீட்டைவிட ரெண்டு முழம் உசரமா வருது பார்!"

வெள்ளச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, நாந்தாங்க காப்பு எடுத்திருந்தேன். நீங்க சந்தையில இருந்தப்ப. பின்பக்கக் கால் புதுசு, ஓலை புதுசு, எல்லாம் நான் மாத்தினேன். வீடு நல்லா இருந்துச்சுங்க! இந்த மழைக்குத் தாங்கியிருக்கும்!"

இருளப்பன் விழித்தான். ஒழுகாமல் நின்றது ஏழு இழையால் இல்லை என்பது மெல்லத்தான் ஏறியது. ஏறியதும் சுருக்கென்றது. ஆனாலும் பொறாமை அவனை விடவில்லை.

"அதனால என்ன? இப்பவும் காப்பு இருக்குல்ல! ரொம்ப நல்லதாப் போச்சு!"

"தானா விழுந்தாத்தான் கட்டிக்குடுப்பாங்க. கையால தள்ளினா வரமாட்டாங்களாம்."

"தானா விழுந்துச்சுன்னு சொல்லு! வேற யாரு பாத்தா? உன் வாய்தானே சாட்சி!"

வெள்ளச்சி வானத்தைப் பார்த்தாள். கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது.

ஆமையார் வந்து பார்க்கும்வரை எதையும் நகர்த்தக்கூடாது என்பது காப்பின் விதி. ஆமையாரோ ஆமையார் நடையில்தான் வருவார். ஆணிக்குப் பதில் கயிறு போட்டுக் கட்டியிருந்த அந்த வண்டியின் அடியில் இரண்டு பேரும் ஒண்டிக்கொண்டார்கள். தூறல் விழ ஆரம்பித்தது. சடையன் ஓடிவந்தான்.

"அண்ணே, அக்காவைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வாங்க! இந்த நிலைமையில இங்க எதுக்கு?"

"வேணாம், வேணாம். எங்களுக்கும் புது வீடு வருது!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான் இருளப்பன். அந்தப் புது ஓலைக்குக் கீழே போய் உட்காருவதைவிட நனைவது மேல் என்று அவனுக்குப் பட்டது. கூட நனைகிறவள் யார் என்பதை அவன் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் பிற்பகல் ஆமையார் வந்து சேர்ந்தார். பின்னாலேயே முயல்கள், பெருச்சாளிகள், முத்தக்கா என்று ஒரு கூட்டம். ஆமையார் சரிந்த கூரையைச் சுற்றி நடந்தார். பின்பக்கக் காலைத் தட்டினார். "கால் நல்லா இருக்கே" என்றார். வாய்க்காலைப் பார்த்தார். "வாய்க்காலும் சுத்தம்." மேலே கிடந்த கிளை அவர் கண்ணுக்கு ஒரு கறுப்புக் கோடாகத்தான் தெரிந்தது.

"என்னப்பா நடந்துச்சு?"

"காத்துங்க! சுழட்டி அடிச்சுச்சு! கிளை வந்து விழுந்துச்சு!"

"அடடா! நல்லாப் பராமரிச்ச வீடு. சரி, நாளைக்கே ஓலை வந்துடும்." ஆமையார் வெள்ளச்சி பக்கம் திரும்பினார். "காப்பு உன் பேருல இருக்கு தாயி. வழக்கத்துக்கு உன் வாயாலயும் ஒரு வார்த்தை சொல்லிடு. காத்துதானே?"

இருளப்பன் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். சொல், சொல் என்று கெஞ்சியது அவன் முகம். வெள்ளச்சிக்கு இடுப்பில் வலி சுண்டி இழுத்தது. நாளைக்கே ஓலை. ஒரே ஒரு வார்த்தை. அவள் கூட்டத்தைப் பார்த்தாள். முத்தக்கா முடிச்சுப் போடுவதற்குக் கொடியைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

"காத்து இல்லை தாத்தா" என்றாள் வெள்ளச்சி. "இவருதான் தள்ளினாரு."

"வெள்ளச்சி!" என்று அலறினான் இருளப்பன்.

"கிடங்குல இருக்கற ஓலை முத்தக்கா சுமந்து வந்து போட்டது. முயல் வீட்டுப் பிள்ளைங்க போட்டது. நாளைக்கு அவங்க வீடு விழுந்தா அது அங்க இருக்கணும். நம்ம பொய்யை மூடறதுக்கா அவங்க சுமந்தாங்க?"

முத்தக்கா கொடியைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"கிடங்கு ஓலையைத் தொட முடியாது தாயி" என்றார் ஆமையார். "ஆனா உன் பேரு கூட்டத்துல அப்படியே இருக்கும். பொய் சொல்லியிருந்தா என்னிக்காவது வெளிய வந்திருக்கும், அன்னிக்கு அதுவும் போயிருக்கும்."

"ஏழு இழை கட்டினேனே!" என்றான் இருளப்பன், பரிதாபமாக.

"கயிறு என் மங்கின கண்ணுக்கு ஒரு அடையாளம்ப்பா! அது எந்தக் கூரையைத் தாங்கும்? உன் வீட்டுக்கு நிஜமான காப்பு இருந்துச்சு. உன் வீடு உன் பக்கத்து வீட்டை மாதிரியே நல்லாத்தான் இருந்துச்சு. நீ அதைத் திரும்பிக்கூடப் பாக்கலை!"

அந்தப் பேச்சு முடிவதற்குள் மழை கொட்டத் தொடங்கியது. வெள்ளச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். சடையனும் முத்தக்காவும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்துச் சடையன் வீட்டுக்குள் கூட்டிப்போனார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இருளப்பன் வெளியே நின்றான். உள்ளே போக முகம் இல்லை. மழை அவன் முதுகில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து மெல்லிய கீச்சுக் குரல் ஒன்று கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு சேர்ந்தாற்போல இரண்டு.

"நாலு!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் முத்தக்கா. "நாலும் நல்லா இருக்கு!"

இருளப்பன் அழுதான். மழையில் அது யாருக்கும் தெரியவில்லை.

அப்போது காற்று கிளம்பியது. சடையன் வீட்டுக் கூரையின் மூலையில் ஓர் ஓலை எழும்பிப் படபடத்தது. இருளப்பனுக்கு உயிரே போய்விட்டது. இந்தக் கூரை எப்போது விழும் என்று மூன்று வருஷம் பார்த்திருந்தவன், "ஐயோ, இதுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாது!" என்று வாய்விட்டுச் சொன்னான். விறுவிறுவென்று சுவரில் ஏறினான். மூலைக்குப் போய், அந்த ஓலையின் மேல் குப்புறப் படுத்து நான்கு காலாலும் அழுத்திக்கொண்டான்.

கீழே சடையன் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தான். "அண்ணே! அங்க என்ன பண்றீங்க? இறங்கி உள்ள வாங்க!"

"ஒரு ஓலை தூக்குது தம்பி, பிடிச்சுக்கிட்டிருக்கேன்!" என்று கத்தினான் இருளப்பன். "உள்ள சொட்டுதா, போய்ப் பாரு!"

"இல்லண்ணே, சொட்டலை!"

"குட்டிங்க படுத்திருக்கற பக்கம் நல்லாப் பாத்துச் சொல்லு தம்பி!"

வீட்டையும் வண்டியையும் காப்பது, வைத்திருப்பவரின் அன்றாடக் கவனமும் உண்மையான பேச்சும்தான். பொறாமைக்காரர் வீட்டையும் வண்டியையும் தம் கையாலேயே உடைத்துவிடுவார்.